அப்பா பூட்டி வைத்திருக்கும் அறை: வீட்டில் சேர்ந்த பொருட்களை எப்படிக் குறைப்பது?

கேள்வி
எழுதியவர்: நடுமகள்

அப்பாவுக்கு 78 வயது. அம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது. அப்பா தனியாகத்தான் இருக்கிறார். நானும் தம்பியும் மாறி மாறிப் போய்ப் பார்த்துக்கொள்கிறோம்.

அவர் படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போகும் நடையில் ஒரு பக்கம் முழுக்க அட்டைப்பெட்டிகள். வீட்டுக்கு வாங்கிய ஒவ்வொரு சாதனத்தின் பெட்டியும் உள்ளே இருந்த தெர்மகோலோடு அப்படியே இருக்கிறது. "ரிப்பேருக்கு அனுப்ப வேண்டியிருந்தால் பெட்டி வேண்டுமே" என்பார். அந்தச் சாதனங்களில் பாதி இப்போது வீட்டிலேயே கிடையாது.

பின்னறைதான் பெரிய விஷயம். இறக்கை இல்லாத மின்விசிறி மோட்டார்கள், மோட்டார் இல்லாத இறக்கைகள். எந்த டிவியுடையது என்று தெரியாத ரிமோட்கள். துணி போய்க் கம்பி மட்டும் மிஞ்சிய குடைகள். ஒரு கால் இல்லாத நாற்காலி, அதன் மேல் கவிழ்த்து வைத்த இன்னொரு நாற்காலி. காலி மருந்து பாட்டில்களில் அளவு வாரியாகப் பிரித்துப் போட்ட திருகுகள், ஒவ்வொரு பாட்டிலிலும் அப்பாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு. அந்தச் சீட்டுகளைப் பார்க்கும்போது மட்டும் எனக்குத் தொண்டை அடைக்கும். மற்றபடி அந்த அறையை நினைத்தாலே கோபம்தான் வரும்.

ஐந்து மாதம் முன்பு, ராத்திரி குளியலறைக்குப் போகும்போது பெட்டிகள் சரிந்து அப்பா விழுந்துவிட்டார். மணிக்கட்டில் எலும்பு விரிசல். மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தார். அந்த மூன்று நாளில் நானும் தம்பியும் பின்னறையைக் காலி செய்தோம். பதினோரு சாக்கு. தரையைக் கழுவி, ஜன்னலைத் திறந்து, அவர் உட்கார ஒரு நாற்காலியும் போட்டோம். வந்து பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று உண்மையாகவே நம்பினேன்.

வாசற்படியில் நின்று பார்த்தார். கத்தவில்லை. "அந்தக் கொக்கி எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

குடைக்கம்பியை வளைத்துச் செய்த கொக்கி அது. பீரோவுக்குப் பின்னால் எது விழுந்தாலும் அதை வைத்துத்தான் எடுப்பார். நான் சின்னப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்து கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எந்தச் சாக்கில் போட்டேன் என்றுகூட எனக்கு நினைவில்லை.

அடுத்த வாரம், கட்டுப் போட்ட கையோடு, அந்த அறைக்கு அவரே ஒரு பூட்டு மாட்டினார். என்னோடு பேச இரண்டு மாதம் ஆனது. இப்போது பேசுகிறார். ஆனால் அறை மறுபடி நிறைந்துகொண்டிருக்கிறது. நடையை நாங்கள் தொடவே இல்லை என்பதால் அதுவும் பழையபடிதான்.

ஒரு மனிதர் ஏன் இப்படிச் சேர்க்கிறார்? இது நோயா, வயதா, அம்மா போன துக்கமா? அவரைப் புண்படுத்தாமல் இன்னொரு முறை விழாதபடி அந்த வீட்டை எப்படி மாற்றுவது? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில்
எழுதியவர்: மேல்தளம்

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். நடையை இந்த வாரமே காலி செய்யுங்கள். 78 வயதில் இரண்டாவது முறை விழுந்தால் மணிக்கட்டோடு நிற்காது, இடுப்பெலும்பு போகும். என் மாமியார் விஷயத்தில் அவர் மனம் நோகுமே என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டோம். அந்த வருடத்துக்காக இன்றைக்கும் வருந்துகிறோம். கோபித்துக்கொள்ளட்டும், உயிரோடு இருந்து கோபித்துக்கொள்ளட்டும்.


பதில்
எழுதியவர்: இரண்டாம் சாவி

நடையைப் பற்றி மேல்தளம் சொல்வதை நானும் ஒப்புக்கொள்கிறேன். வழிதான் வேறு.

என் அக்காவுக்கு இந்தப் பிரச்சினை இருந்தது. இரண்டு வருடம் அவளோடு சிகிச்சைக்குப் போய் வந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நோயா என்ற கேள்வி. எல்லோருக்கும் அது நோய் இல்லை. ஆனால் நோயாக ஆகும் ஒரு நிலை உண்டு. முன்பெல்லாம் இதை ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயின் ஒரு பகுதியாகத்தான் பார்த்தார்கள். 2013இல் வந்த டிஎஸ்எம்-5, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் மனநோய்க் கையேடு, இதைத் தனி நோயாகப் பிரித்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலிலும் தனியாகவே இருக்கிறது. மருத்துவர்கள் சாமான்களை எண்ணிப் பார்த்து முடிவு செய்வதில்லை. பொருளுக்கு மதிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைப் பிரிவது தாங்க முடியாத வேதனையாக இருக்கிறதா, படுக்கும் இடத்தில் படுக்கவும் சமைக்கும் இடத்தில் சமைக்கவும் முடியாமல் போய்விட்டதா என்று பார்க்கிறார்கள். அக்காவிடம் அறைகளின் படங்களைக் காட்டினார்கள். ஒரே அறை, கிட்டத்தட்ட காலியாக இருப்பதிலிருந்து கூரைவரை நிறைந்திருப்பது வரை ஒன்பது படங்கள். "உன் அறை இதில் எது மாதிரி இருக்கிறது?" என்று கேட்டார்கள். அவள் நான்காவதைத் தொட்டாள். நான் ஏழு என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் ஒரே வீட்டைப் பார்க்கவில்லை என்று புரிந்தது.

உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதில் திருகு பாட்டில்களும் சீட்டுகளும் என்னை யோசிக்க வைத்தன. அளவு பார்த்துப் பிரித்து எழுதி ஒட்டுகிறவருக்குத் தன் அறையில் என்ன இருக்கிறது என்று தெரியும். இது எப்போது தொடங்கியது என்பதை மட்டும் நன்றாக யோசித்துப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க இப்படித்தான் என்றால் ஒரு கதை. கடைசி ஓரிரு வருடத்தில் திடீரென்று அதிகமாகி, கூடவே மறதி, குளிக்காமல் இருப்பது, கெட்டுப்போனதைக்கூட வைத்துக்கொள்வது என்று சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மறதி நோயின் தொடக்கம் சில சமயம் இப்படியும் வெளிப்படும்.

ஏன் சேர்க்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். தன் கையில் இருப்பதற்கு மனிதன் கூடுதல் விலை போடுவான். 1990இல் கானமன், நெட்ச், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் காபிக் கோப்பையைக் கொடுத்தார்கள். கோப்பை கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கோப்பை கிடைக்காதவர்கள் கொடுக்கத் தயாராக இருந்த விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கைக்கு வந்து சில நிமிடம்தான் ஆகியிருந்தது. நாற்பது வருடம் கையில் இருந்த பொருளை நினைத்துப் பாருங்கள்.

இது எல்லோருக்கும் பொதுவானது. என் அக்கா மாதிரி ஆட்களுக்கு இன்னும் ஒன்று சேர்கிறது. டேவிட் டோலின் என்ற உளவியலாளரின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், மூளையை ஸ்கேன் செய்துகொண்டே ஒவ்வொரு காகிதமாகக் காட்டி, "வைக்கவா, கிழிக்கவா?" என்று கேட்டார்கள். சில காகிதங்கள் அவர்களுடையவை, சில வேறு யாருடையவோ. பிறருடைய காகிதம் என்றால், இந்த நோய் உள்ளவர்களின் மூளையில் முடிவெடுக்கும்போது வேலை செய்ய வேண்டிய சில பகுதிகள் மற்றவர்களைவிட அமைதியாக இருந்தன. தன்னுடைய காகிதம் என்றதும் அதே பகுதிகள் அளவுக்கு மீறி விழித்துக்கொண்டன. இதைப் படித்த பிறகு அக்காவைச் சோம்பேறி என்று நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஒரு பழைய ரசீதை எடுத்தால் நாம் அரை நொடியில் முடிவு செய்வோம். அவளுக்கு அது நெடுநேரப் போராட்டம். பத்து ரசீதுக்குப் பிறகு களைத்துப்போய் எல்லாவற்றையும் திரும்பப் பெட்டியில் போட்டுவிடுவாள்.

இப்போது உங்கள் கொக்கி. அப்பா சேர்ப்பது அம்மாவின் நினைவை என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியிருந்தால் அவர் அம்மாவின் ஏதாவது ஒரு பொருளைக் கேட்டிருப்பார். கொக்கியைக் கேட்டார். அவருக்கு அந்த அறை இனி நடக்கப் போகிற வேலைகள். அந்த மோட்டாரை ஒரு நாள் ஓட வைப்பார், அந்த நாற்காலிக்கு ஒரு நாள் கால் போடுவார். அந்த வீட்டில் எது உடைந்தாலும் சரிசெய்தவர் அவர்தானே? நீங்கள் காலி செய்தது அந்த ஆளின் பட்டறையை. இதை உங்களைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. நானும் அக்கா ஊரில் இல்லாதபோது ஒரு அலமாரியைக் காலி செய்தேன். ஒரே வருடத்தில் முன்பைவிட அதிகமாக நிறைந்தது, என் கையில் கொடுத்திருந்த சாவியையும் வாங்கிக்கொண்டாள்.

இங்கே ஒரு வித்தியாசம் முக்கியம். நினைவுக்காக வைத்திருக்கும் பொருளென்றால் படம் எடுத்து வைப்பது உதவும். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், கொடுப்பதற்கு முன்பு நினைவுப் பொருளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப்பட்ட மாணவர் விடுதிகளில் அப்படிச் சொல்லப்படாத விடுதிகளைவிடச் சுமார் 15 சதவீதம் கூடுதலான பொருட்கள் நன்கொடையாக வந்தன. ஆனால் மோட்டாரின் படத்தை வைத்து உங்கள் அப்பா என்ன செய்வார்? அவருக்கு அது யார் கைக்குப் போகிறது, ஓடப் போகிறதா என்று தெரிய வேண்டும்.

செய்ய வேண்டியது என்று எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். முதலில் மன்னிப்புக் கேளுங்கள், "ஆனால்" என்ற சொல் இல்லாமல். அப்புறம் நடை. அங்கே எதையும் எறிய வேண்டாம், நகர்த்தினால் போதும். எறிவதையும் நகர்த்துவதையும் தனித்தனி வேலையாகப் பிரித்தால் அவருடைய பயம் பாதி குறையும். "வைக்கலாமா வேண்டாமா என்பதை நீங்களே அப்புறம் முடிவு செய்யுங்கள் அப்பா, ராத்திரி நடக்க வழி மட்டும் இன்றைக்கு வேண்டும்" என்று சொல்லுங்கள். வழி கதவின் அகலத்துக்கு இருக்க வேண்டும், இடுப்புக்கு மேல் எதையும் அடுக்கக் கூடாது, மின்பெட்டியையும் அடுப்பையும் சுற்றிக் காகிதமோ அட்டையோ இருக்கவே கூடாது. இந்த மூன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பின்னறைக்குப் போக அவரே அழைக்கும்வரை காத்திருங்கள். அழைத்தால் ஒரே இனத்தை எல்லாம் ஒரு போர்வையில் கொட்டுங்கள். ரிமோட் என்றால் எல்லா ரிமோட்டும். தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் விசேஷமாகத் தெரியும், எல்லாம் ஒன்றாகக் கிடந்தால் அவரே நாலைத் தள்ளிவைப்பார். ரிமோட்டுகளில் செல் இருந்தால் அதை முதலில் கழற்றச் சொல்லுங்கள். பழைய அல்கலைன் செல்கள் கசிந்தால் அந்தக் காரம் உள்ளே இருக்கும் தகடுகளை அரித்துவிடும், கையில் பட்டாலும் எரியும். பொருளைக் காப்பாற்றும் வேலை என்பதால் அவர் மறுக்க மாட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். "ஏன் இதை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்கவே வேண்டாம், அது விசாரணை மாதிரி இருக்கும். "இதை வைத்து என்ன செய்யலாம் என்று இருந்தீர்கள்?" என்று கேளுங்கள்.


பதில்
எழுதியவர்: பழைய கம்பி

எனக்கு 71 வயது. நானும் சேர்ப்பவன். மகள்கள் எழுதுவதை எத்தனையோ படித்திருக்கிறேன், சேர்ப்பவர்கள் எழுதி அதிகம் பார்த்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

1947இல் நியூயார்க்கில் கோலியர் சகோதரர்கள் இருவர் தங்கள் வீட்டுக்குள் இறந்து கிடந்தார்கள். நூறு டன்னுக்கும் மேல் சாமான் வெளியே எடுத்தார்கள், அதில் 14 பியானோக்கள். இந்தச் செய்தியை எல்லோரும் ஒரு திகில் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் மறக்காதது வேறு. அண்ணன் ஹோமருக்குக் கண்பார்வை போய்விட்டது. தம்பி லாங்லி பல வருடச் செய்தித்தாள்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்தார். ஏன் என்று கேட்டவர்களிடம், அண்ணனுக்குப் பார்வை திரும்பியதும் விட்டுப்போன செய்திகளையெல்லாம் படிக்க வேண்டாமா என்றார். கடைசியில் அந்தக் கட்டுகள் சரிந்துதான் லாங்லி இறந்தார். பார்வையில்லாத அண்ணன் கவனிக்க ஆளின்றிச் சில அடி தூரத்தில் பட்டினியால் இறந்தார். தம்பி செய்தது தவறுதான். ஆனால் அவர் குப்பையைச் சேர்க்கவில்லை. அண்ணன் குணமாகப் போகும் ஒரு நாளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

என்னிடம் மூன்று தையல் இயந்திரத் தலைகள் இருக்கின்றன. ஒன்றை எறிந்தால் அதைச் சரிசெய்ய எனக்கு இனி நாள் இல்லை என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். இந்த வயதில் அதை ஒப்புக்கொள்வது கஷ்டம் அம்மா. பிள்ளைகள் "இது எதற்கு?" என்று கேட்கும்போது எங்கள் காதில் "நீங்கள் எதற்கு?" என்று விழுகிறது.

போன வருடம் தையல் கற்றுக்கொள்ளும் ஒரு பெண் வந்து கேட்டாள். நான்காவது தலையை எண்ணெய் போட்டு, பெல்ட் மாற்றி, ஓட வைத்துக் கொடுத்தேன். அது போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உங்கள் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு வரும் ஒருவரைக் கண்டுபிடியுங்கள். எடுத்துக்கொண்டு போக வருபவர் வேண்டாம்.


பதில்
எழுதியவர்: நடுமகள்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் எழுதிய மூவரையும் தினமும் நினைத்துக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்டேன். "கொக்கியை எறிந்தது நான்தான், உங்களைக் கேட்காமல் தொட்டிருக்கக் கூடாது" என்று சொன்னேன். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சரி" என்றார். அடுத்த முறை போனபோது கதவுக்குப் பின்னால் ஆணியில் புதிய கொக்கி தொங்கியது. தப்பிய குடை ஒன்றின் கம்பி.

நடையில் ஒரு விஷயம் நாங்கள் யாருமே யோசிக்காதது. பெட்டிகளை எறியவா என்று நான்கு வருடமாகச் சண்டை போட்டோம். பெட்டியைப் பிரித்துத் தட்டையாக மடித்தால் ஒரு சுவர் முழுக்க இருந்தது ஒரு சாண் கனமாகிவிடும் என்று சொன்னது அப்பாதான், நகர்த்த மட்டும்தான் போகிறோம் என்று தெரிந்த பிறகு. அவரே கத்தியை எடுத்து டேப்பைக் கீறினார். மடித்த அட்டைகளைக் கயிற்றால் கட்டி, எது எந்தச் சாதனத்துடையது என்று சீட்டு எழுதினார். எழுதும்போது, வீட்டில் இல்லாத சாதனங்களின் அட்டைகளைத் தனியே ஒதுக்கினார். நான் எதுவும் கேட்கவில்லை. அடுத்த நாள் தம்பியிடம் அவற்றை வெளியே போடச் சொல்லியிருக்கிறார். நடையில் இப்போது இரண்டு பேர் சேர்ந்து நடக்கலாம். ராத்திரிக்கு ஒரு சின்ன விளக்கும் போட்டிருக்கிறோம்.

மருத்துவரிடமும் பேசினேன். மறதிக்கான அறிகுறி எதுவும் இப்போது இல்லை என்றார். அப்பா ஏற்கெனவே சேர்ப்பவர்தான், அம்மா போன பிறகு அதிகமாகியிருக்கிறது என்பது யோசித்துப் பார்த்தால் எனக்கே தெரிகிறது. முன்பு அம்மா சத்தமில்லாமல் மாதம் ஒரு பை வெளியே அனுப்புவாள். அதை அவர் கண்டும் காணாமல் இருந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

ரிமோட்டுகளை நடைத் தரையில் போர்வை விரித்துக் கொட்டினோம். பதினேழு. எல்லாவற்றிலும் செல்லைக் கழற்றினார், இரண்டில் கசிந்து பச்சையாகப் பூத்திருந்தது. பதினொன்று போனது. ஆறை வைத்துக்கொண்டார். "பட்டன் ரப்பருக்கு" என்றார்.

பழைய கம்பி ஐயா சொன்ன மாதிரி ஒருவரைத் தேடினேன். மின்சாதனப் பழுது படிக்கும் ஒரு பையன் மூன்று ஞாயிறு வந்தான். முதல் ஞாயிறு அப்பா ஒரு மோட்டாரைத் திறந்து உள்ளே கம்பிச் சுருளைச் சுற்றிக் காட்டினார், அதை அவனிடமே கொடுத்துவிட்டார். இரண்டாவது ஞாயிறு இன்னொன்று. மூன்றாவது ஞாயிறு கையில் எடுத்துக் கொடுத்ததைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். பையன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது. இப்படியே போனால் பத்து வருடம் ஆகும் என்கிறான் தம்பி. ஆகலாம்.

பின்னறை இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. போன வாரம் மூடி போட்ட சின்ன டப்பாக்கள் கிடைத்தால் வாங்கி வா, மருந்து பாட்டிலில் ஈரம் ஏறித் திருகு துருப்பிடிக்கிறது என்றார். எத்தனை வேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, "வந்து நீயே எண்ணிக்கொள்" என்றார்.

எண்ணினேன். முப்பத்தெட்டு பாட்டில். வேறு எதையும் தொடவில்லை.